பக்கத்தைக் கடைசியாக மாற்றியவர்

என் மூக்கை உடைத்தவளின் மூக்கை, அதே மாதிரி ஒரு பெரிய திரைக்கு முன்னால், அதே மாதிரி நாலு வெளியாட்கள் பார்க்க உடைத்துவிட வேண்டும். அந்த வருடம் எனக்கு இதைத் தவிர வேறு லட்சியம் கிடையாது. சாப்பிடும்போதும் அதே நினைப்பு, பல் விளக்கும்போதும் அதே நினைப்பு.

அவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். புருஷனோடு ஒத்துவராமல் ஒரு சூட்கேஸோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வந்த கையோடு இவர் அவளைத் தன் கம்பெனியிலும் சேர்த்துக்கொண்டார். ஏதோ பெரிய கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பல் டாக்டருக்கும் தட்டச்சுப் பயிற்சி நிலையத்துக்கும் நடுவில் மூன்று அறை. கல்லூரி, ஆஸ்பத்திரி என்று கேட்பவர்களுக்கு வெப் அப்ளிகேஷன் செய்து கொடுப்போம். நான் கோடிங், பாப்பா டிசைன், இவர் முதலாளி. இவரும் ஒரு காலத்தில் கோடிங் எழுதியவர்தான். இப்போது டை கட்டிக்கொண்டு டெமோ கொடுப்பதோடு சரி.

கணினி தெரியாதவர்களுக்காக ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் வயிற்றெரிச்சல் புரியாது. நாங்கள் செய்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு ஃபைல் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற பெட்டி, பொத்தான், வண்ணம் எல்லாம் டெம்ப்ளேட்டில் இருக்கும். பொத்தானை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்பது அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கோட்-பிஹைண்ட் ஃபைலில் இருக்கும். டெம்ப்ளேட் பாப்பாவுடையது. கோட்-பிஹைண்ட் என்னுடையது. ஆபீசில் ஒரே பக்கத்தின் முன்னும் பின்னும் நாங்கள் இரண்டு பேர், வீட்டில் ஒரே சமையலறையில் நாங்கள் இரண்டு பேர். சண்டை வர இதைவிட வேறென்ன வேண்டும்?

டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர் இருக்கும். கோட்-பிஹைண்ட் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளே எழுதியிருப்பதை வாங்கிக்கொள்ளும். யாராவது சர்வரில் புகுந்து டெம்ப்ளேட்டிலிருந்து ஒரு பெட்டியை உருவிவிட்டால், டெம்ப்ளேட் மூச்சு விடாது. சமர்த்துப் பிள்ளையாக, அழகாக வந்து நிற்கும். கூப்பிட்ட இடத்தில் ஆள் இல்லாமல் தடுக்கி விழுவது கோட்-பிஹைண்ட்தான். அப்புறம் சிவப்பு எழுத்தில் ஒரு எர்ரர் வரும். அதில் விழுந்தவனின் ஃபைல் பெயர் இருக்கும், விழுந்த வரியின் எண் இருக்கும். காலை வாரிவிட்டவனின் பெயர் இருக்காது.

ஒரு நர்சிங் கல்லூரிக்கு அட்மிஷன் பக்கம் செய்தபோது எனக்கு நடந்தது இதுதான். டெமோவுக்கு முந்தின நாள் பாப்பாவுக்கும் எனக்கும் பெரிய தகராறு. பாதுகாவலரின் ஃபோன் நம்பருக்கென்று நான் ஒரு பெட்டி கேட்டிருந்தேன். அந்த ஒரு பெட்டியால் பக்கம் நீண்டு அசிங்கமாக இருக்கிறது என்றாள் அவள்.

"அண்ணி, இது பக்கமா, ரயிலா? போய்க்கிட்டே இருக்கு."

"காலேஜ்ல கேட்டிருக்காங்க. இருக்கட்டும்."

"அடுத்த பக்கத்துல கேட்டுக்கலாமே."

"நீ கலர் அடிக்கிற வேலையைப் பாரு, போதும்."

நான் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போனாள். நான் எல்லாவற்றையும் சரிபார்த்து சர்வரில் ஏற்றினேன். சர்வரில் ஏற்றியதை யாரும் நேரடியாகத் தொடக் கூடாது என்பது எங்கள் கம்பெனியின் சட்டம். சட்டம் போட்டவர் இவர்தான்.

மறுநாள் கல்லூரியின் கூட்ட அறையில், முதல்வரம்மா, அவருக்கு இரண்டு பக்கமும் பேராசிரியர்கள், சுவர் முழுக்கத் திரை. இவர் விண்ணப்பத்தை நிரப்பி, "இப்ப பாருங்க" என்று பொத்தானை அமுக்கினார். சிவப்பாக எர்ரர் வந்து விழுந்தது. அதில் கொட்டை எழுத்தில் என் ஃபைலின் பெயர்.

இவர் ஒரு நொடிதான் விழித்தார். உடனே சிரித்துக்கொண்டு, "கோடிங்ல சின்னத் தப்பு மேடம். எங்க வீட்டம்மா எழுதினது. வீட்டு வேலை, ஆபீஸ் வேலைன்னு அவசரத்துல கோட்டை விட்டுட்டாங்க" என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். முதல்வரம்மா "பாவம்" என்று வேறு சொன்னார். அந்தப் பாவம் என்ற ஒரு சொல்லை நான் எத்தனை ராத்திரி மென்றிருக்கிறேன் தெரியுமா?

ஆபீசுக்கு வந்ததும் சர்வரைத் திறந்து பார்த்தேன். பெட்டி இருந்தது. பொத்தானை அமுக்கினேன், வேலை செய்தது. எனக்கு முன்னாலேயே யாரோ அந்தப் பெட்டியைத் திருப்பி வைத்திருந்தார்கள். டெம்ப்ளேட்டின் தேதி மட்டும் அன்றைக்குத்தான் அது மாற்றப்பட்டிருக்கிறது என்று சொன்னது. யார் என்று சொல்லவில்லை. அப்போது நாங்கள் எல்லோரும் ஒரே கடவுச்சொல்லில்தான் உள்ளே போவோம்.

யார் என்று கேட்க வேண்டுமா என்ன? நேராகப் பாப்பாவின் மேஜைக்குப் போனேன்.

"அந்தப் பெட்டியை எடுத்தது நீதானே?"

"நான் தொடவே இல்ல அண்ணி."

"அப்ப அது தானா எழுந்து நடந்து போச்சா?"

"சத்தியமா நான் தொடல."

இவரிடம் சொன்னேன். "ஸ்கிரீன்ல உன் ஃபைல் பேரு வந்துச்சு, உலகமே பார்த்துச்சு. அவ மேல ஏன் பாயற?" என்றார். சோபாவில் படுத்துக்கொண்டு, ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். பதினோரு வருடம் குடித்தனம் செய்த மனுஷன் என் பேச்சை நம்பவில்லை. எனக்குப் பாப்பா செய்ததைவிட அதுதான் நெஞ்சில் குத்தியது. மாமியார் தன் பங்குக்கு, "எல்லாத்தையும் நீயே இழுத்துப் போட்டுக்கிட்டா இப்படித்தான்" என்று முடித்துவைத்தார். அடுத்த மாதம் கோடிங்குக்கு ஒரு ஆளை வைத்தார்கள். நான் சப்போர்ட்டுக்கு மாற்றப்பட்டேன். சப்போர்ட் என்றால் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "கடவுச்சொல் மறந்துட்டீங்களா, பரவாயில்லை, சொல்றேன்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது. நான் எழுதிய பக்கங்களை இன்னொருவன் திறந்து மூடுவதைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என் ஃபைல்கள் திரும்ப வேண்டும். என்னைப் பார்த்துச் சிரித்ததற்குப் பதில் வேண்டும்.

பாப்பாவை நான் சும்மா விடவில்லை. பேச்சை நிறுத்தினேன். சாப்பாட்டு மேஜையில் அவள் உட்கார்ந்தால் நான் எழுந்துவிடுவேன். அவள் துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டதை ஈரத்தோடு எடுத்துக் கூடையில் வைத்துவிடுவேன். "வீட்டுக்குள்ளேயே காலை வாரிவிடறவங்க இருக்கும்போது வெளியில எதிரி எதுக்கு?" என்று மாமியாரிடம் சொல்கிற சாக்கில் அவள் காதில் விழும்படி சொல்வேன். அவள் முதலில் அழுதாள். அப்புறம் அழுவதை நிறுத்தினாள். ஒரு நாள் அதே சூட்கேஸை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். இவர் வாசல் வரைக்கும் போய் நின்று பார்த்தார். எனக்குக் குளிர்ந்ததா என்றால் குளிர்ந்தது. ஆனால் போதவில்லை. அவள் விடுதிக்குப் போனதை நாலு பேர் பார்த்துச் சிரிக்கவில்லையே.

புதிதாக வந்தவனுக்கு ஆபீசில் தாடி என்று பெயர். நல்லவன், வேலையும் தெரியும், ஆனால் அவசரக்காரன். புதுப் பக்கம் வேண்டுமென்றால் பழைய பக்கத்தைப் பிரதியெடுத்து, பெயரை மாற்றிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவான். ஒரு நாள் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அப்பாயின்ட்மென்ட் பக்கம் செய்துகொண்டிருந்தவன், காலையிலிருந்து தாடியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கண்ணாடித் தடுப்பைத் தட்டினான்.

"அக்கா, ஒரு நிமிஷம் வாங்களேன். புதுப் பக்கத்தை மாத்தினா பழைய பக்கம் உடையுது. பழசைச் சரி பண்ணா புதுசு உடையுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு."

போய் டெம்ப்ளேட்டின் முதல் வரியைப் பார்த்தேன். இந்த டெம்ப்ளேட்டுக்குப் பின்னால் எந்த கோட்-பிஹைண்ட் என்று சொல்கிற வரி அது. பிரதியெடுத்தவன் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அதை மட்டும் மறந்திருந்தான். இரண்டு டெம்ப்ளேட்டுக்கும் பின்னால் ஒரே கோட்-பிஹைண்ட்.

"ரெண்டு வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளையைக் கட்டி வச்சிருக்கே. அவன் எந்த வீட்டுலன்னு இருப்பான்?" என்றேன்.

தாடி தலையில் அடித்துக்கொண்டான். வரியை மாற்றினோம். உடனே, அந்தப் பெயரில் பின்னால் யாரையும் காணோம் என்று வேறொரு எர்ரர் வந்தது. கோட்-பிஹைண்டுக்குள்ளேயும் பழைய பெயர்தான் இருந்தது. அதையும் மாற்றி, மொத்தத்தையும் கணினிக்குப் புரிகிற மாதிரி மறுபடி கம்பைல் செய்ததும் இரண்டு பக்கமும் ஒழுங்காக எழுந்து நின்றன. விசைப்பலகையில் விரல் பட்டதும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைத் தாடியிடம் காட்டிக்கொள்ளவில்லை. அதோடு கூடவே ஒரு யோசனையும் வந்தது.

"தாடி, இந்த ஆஸ்பத்திரிப் பக்கத்துல ஒரு பாதுகாப்பு போட்டுத் தரட்டுமா? டெம்ப்ளேட்டுல ஏதாவது பெட்டி காணோம்னா, பக்கம் சிவப்பா விழாம, எந்தப் பெட்டி காணோம்னு நிதானமா சொல்லும்."

"தாராளமா போடுங்கக்கா. புண்ணியமாப் போகும்."

புண்ணியத்துக்கா போட்டேன்? முதலில் பாதுகாப்பு, ஒழுங்கு என்று இவரிடம் பேசி, சர்வருக்குள் நுழைய ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர் வாங்கினேன். பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம் என்றேன். பாப்பா "வானவில்" என்று வைத்துக்கொண்டாள். நான் "மிளகாய்". இவர் வேறென்ன வைப்பார், "முதலாளி"தான். அப்புறம் யாருக்கும் சொல்லாமல், சர்வரில் யார் ஒரு ஃபைலை மாற்றினாலும் அவர் பெயர் பதிகிற மாதிரி ஏற்பாடு செய்தேன். பெட்டி காணாமல் போனால், எந்தப் பெட்டி என்பதோடு நிறுத்தாமல், பக்கத்தைக் கடைசியாக மாற்றியவர் யார் என்பதையும் எடுத்துவந்து திரையில் பெரிதாகப் போடும்படி எழுதினேன். சரியாக இருபது வரி கோடிங். என் வாழ்க்கையில் இத்தனை ஆசையாக எதையும் எழுதியதில்லை.

இனி பொறிக்குள் தேங்காய்த் துண்டு வைக்க வேண்டும். டெமோவுக்கு முந்தின நாள், இதற்கு முன் எந்தக் கண்ணுக்கு, எப்போது, எங்கே அறுவைச் சிகிச்சை நடந்தது என்று எழுதுவதற்கு ஒரு பெரிய பெட்டி வேண்டும் என்று கிளப்பினேன். ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது எத்தனை பெரிதாக, எத்தனை அவலட்சணமாக இருக்க வேண்டும் என்பதை நான் முடிவு செய்தேன். பல மாதங்களுக்குப் பிறகு பாப்பாவிடம் வாயைத் திறந்தேன்.

"அந்தப் பெட்டி பெருசா, நடுவுல இருக்கணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தாடியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், கேட்டிருக்கிறேன்.

"நடுவுல வேணாமே அண்ணி, பக்கம் பார்க்க நல்லா இருக்காது" என்றாள், மெதுவாக.

நான் ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினேன். "நல்லா இல்லேன்னாலும் பரவாயில்ல. நாளைக்கு டெமோ முடியற வரைக்கும் இதுல ஒரு எழுத்தை யாரும் மாத்தக் கூடாது. சொல்லிட்டேன்."

பாப்பா பெட்டியை நடுவில் வைத்தாள். அவள் உதடு துடித்ததை நான் பார்த்தேன். நாளைக்குக் காலை இந்தக் கை சும்மா இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். இவர் தன் அறைக் கதவில் சாய்ந்து யாரோடோ ஃபோனில் பேசிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சப்போர்ட் ஆளுக்கு டெமோவில் வேலை கிடையாது. ஆனாலும், உபயோகிக்கப் போகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி நானும் கிளம்பினேன். இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டேன். இவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

கண் ஆஸ்பத்திரியின் கூட்ட அறை நர்சிங் கல்லூரியின் அறையைவிடப் பெரிது. தலைமை டாக்டரம்மா, மூன்று டாக்டர்கள், வரவேற்பில் உட்கார்கிற இரண்டு பெண்கள், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர். பார்வையாளர்கள் திருப்திகரம். நான் திரையைப் பார்க்கிற நாற்காலியில் உட்காரவில்லை. பாப்பாவின் முகத்தைப் பார்க்கிற மாதிரி அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். திரையில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவள் முகத்தில் என்ன வரும் என்று பார்க்கத்தானே இத்தனை பாடு?

இவர் விளக்க ஆரம்பித்தார். நான் ஓரக்கண்ணால் ஒரே ஒரு முறை திரையைப் பார்த்தேன். பக்கம் பளிச்சென்று, கச்சிதமாக இருந்தது. நடுவிலிருந்த பெரிய பெட்டியைக் காணோம். மாட்டினாயா மகளே என்று பாப்பாவின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாப்பா திரையைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நானே எடுத்துவிட்டேனோ என்று கேட்கிற பார்வை. நல்ல நடிப்பு என்று நினைத்தேன்.

"நீங்களே அமுக்கிப் பாருங்க டாக்டர்" என்று இவர் மவுஸை டாக்டரம்மாவின் பக்கம் நகர்த்தினார்.

டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அமுக்கினார். நான் பாப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டாக்டரம்மாவின் குரல்தான் காதில் விழுந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார்.

"'முந்தைய அறுவைச் சிகிச்சை' என்ற பெட்டி இந்தப் பக்கத்தில் இல்லை. பக்கத்தைக் கடைசியாக மாற்றியவர், முதலாளி."

என் கோடிங்கிலேயே தப்போ என்று திரும்பித் திரையைப் பார்த்தேன். தப்பில்லை. நான் எழுதிய எழுத்து, நான் கொடுத்த அளவு, நான் தேர்ந்தெடுத்த சிவப்பு. முதலாளி.

"யாருங்க முதலாளி?" என்றார் டாக்டரம்மா.

வரவேற்புப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் முகத்தில் ஈயாடவில்லை. "அது ஒண்ணுமில்ல டாக்டர், கோடிங்ல ஒரு சின்ன..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்து என்னைப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

"கோடிங்ல ஒரு தப்பும் இல்ல டாக்டர்" என்றேன் நான். "அந்தப் பெட்டி நேத்து வரைக்கும் இருந்துச்சு. இவருதான் எடுத்திருக்காரு. இவருதான் முதலாளி."

"பழைய ஆபரேஷன் விவரம் தெரியாம நாங்க எப்படிக் கண்ணுல கை வைக்கறது? ஏன் எடுத்தீங்க?"

"பக்கம் பார்க்க அழகா இருக்கட்டுமேன்னு..." என்று இவர் அசடு வழிந்தார்.

டாக்டரம்மா அதற்கு மேல் அவரிடம் பேசவில்லை. எவ்வளவு நேரத்தில் சரிசெய்யலாம் என்று என்னைக் கேட்டார். தேநீர் குடித்து முடிப்பதற்குள் பெட்டியைத் திருப்பி வைத்துக் காட்டினேன். யார் எதை மாற்றினாலும் பெயரோடு சொல்கிற அந்த ஏற்பாடு தனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்றும், மற்றப் பக்கங்களிலும் அது வேண்டும் என்றும் டாக்டரம்மா சொன்னார். வேலை எங்களுக்கே கிடைத்தது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

பாப்பா படிக்கட்டில் இறங்கி, விடுதிக்குப் போகிற பஸ் ஏறிவிட்டாள். நான் வண்டி நிறுத்துமிடத்தில் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நர்சிங் காலேஜ்லயும் நீங்கதானா?"

சாவியைத் தேடுகிற மாதிரி எல்லாப் பைகளையும் தடவினார். சாவி கையிலேயே இருந்தது.

"பெட்டி அசிங்கமா இருக்குன்னு பாப்பா சொன்னா. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. நீ கேக்க மாட்டே. அதான் கிளம்பறதுக்கு முன்னாடி நானே உள்ள போய் எடுத்துட்டேன். உடையும்னு எனக்கு எப்படித் தெரியும்? இன்னிக்குப் பாதுகாப்பு போட்டிருக்கு, உடையாதுன்னு நினைச்சுத்தான் எடுத்தேன்."

"காலேஜ்ல உடைஞ்ச உடனே தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது. அதான் நீ பாக்கறதுக்குள்ள திருப்பி வச்சுட்டேன்."

"பின்ன?"

"ஸ்கிரீன்ல உன் ஃபைல் பேரு வந்துச்சு. அத்தனை பேரு முன்னாடி, முதலாளியே கெடுத்துட்டான்னு சொல்லச் சொல்றியா? கம்பெனி பேரு என்ன ஆகும்? அப்புறமா உன்கிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ பாப்பா மேல பாய்ஞ்சுட்டே. சரி, ரெண்டு பொம்பளைங்க சண்டை, தானா அடங்கிடும்னு விட்டுட்டேன்."

கூடப் பிறந்தவள் விடுதிக்குப் போகும்போது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். இத்தனை நாளாகக் கறுவிக் கறுவிச் சேர்த்து வைத்ததெல்லாம் அப்படியே திசை திரும்பி இவர் பக்கம் வந்து நின்றது. வீட்டுக்குப் போகிற வழி முழுக்க இவர், "வெளியாட்கள் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே" என்று புலம்பினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, இவரை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை ஆபீசில் என் மேஜையைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நானே இழுத்துப் போட்டேன். தாடி ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தான். சர்வரைத் திறந்து "முதலாளி" என்ற பெயரை அழித்தேன். அப்புறம் இவர் அறைக்குப் போனேன்.

"நர்சிங் காலேஜுக்கு ஃபோன் போடுங்க."

"எதுக்கு?"

"அன்னிக்கு யாருகிட்ட என் தப்புன்னு சொன்னீங்களோ அவங்ககிட்டயே சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. கதவு திறந்தே இருக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? அது முடிஞ்சு போன கதை."

"அப்ப உங்க டெமோவை எல்லாம் நீங்களே கோடிங் எழுதி நடத்திக்குங்க. ஆஸ்பத்திரியில என்னைத்தான் கேப்பாங்க. இல்லேன்னு சொல்லிக்குங்க."

நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் ஃபோனை எடுத்தார். முதல்வரம்மா லைனில் வந்ததும் குரலில் தேனைத் தடவிக்கொண்டு, "மேடம், அன்னிக்கு டெமோவுல ஒரு சின்ன டெக்னிக்கல் கோளாறு வந்துச்சே..." என்று ஆரம்பித்தார். நான் விரலை நீட்டி லைனைத் துண்டித்தேன்.

"மறுபடி போடுங்க."

மறுபடி போட்டார். "மேடம், லைன் கட்டாயிடுச்சு. அன்னிக்கு நடந்ததுல எங்க டீம் பக்கம்..." மறுபடியும் துண்டித்தேன். வெளியே தாடி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டான். இவர் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டார். நெற்றி வேர்த்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், பார்க்க எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

மூன்றாவது தடவை, மேஜையைப் பார்த்துக்கொண்டே, ஒப்பிக்கிற குரலில் சொன்னார். "மேடம், உங்க அட்மிஷன் பக்கம் அன்னிக்கு உடைஞ்சது என் வீட்டம்மா தப்பு இல்ல. நான்தான் ஒரு பெட்டியை எடுத்தேன். என் தப்புன்னு தெரிஞ்சும் அவ மேல போட்டுட்டேன்."

எதற்காக இத்தனை மாதம் வெந்துகொண்டிருந்தேனோ அது இதோ வரப்போகிறது.

"எந்தப் பக்கம்?" என்றார் முதல்வரம்மா.

"அட்மிஷன் பக்கம் மேடம். டெமோவுல சிவப்பா எர்ரர் வந்துச்சே."

"வந்துச்சா என்ன? எனக்கு ஞாபகம் இல்லையே. உங்க வீட்டம்மா வந்திருந்தாங்களா? இப்ப நல்லாத்தானே ஓடுது. அதை விடுங்க, விடுதி அறைக்கு ஒரு பக்கம் சேர்க்கணும்னு நானே கூப்பிடலாம்னு இருந்தேன்."

அவர் விடுதி அறைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். அந்தம்மாவுக்கு ஞாபகமே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். நான் மட்டும்தான் விழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கதவுப் பக்கம் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. பாப்பா. தோளில் பை, கையில் குடை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது.

"அந்தம்மாவுக்கு மறந்து போச்சு" என்றாள். குரலில் கோபம் இல்லை. "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நான் தொடலன்னு சத்தியம் பண்ணேன். ஒருத்தர்கூட நம்பல. என் தப்பு இல்லன்னு என்கிட்ட எப்ப சொல்லப் போறீங்க?"

இவர் எழுந்தார். முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. "பாப்பா, நான் வேணும்னு..."

"உன்னைக் கேக்கல அண்ணா" என்றாள் அவள். "அண்ணியைக் கேக்கறேன்."